பெட்ரோல் மேல் பழி போடாதே, எய்யா

விக்கிரமசிங்கபுரம்,
18.4.2025

அன்புள்ள மூத்தவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம். நீ, மருமகள், பாப்பா எல்லோரும் சுகமாக இருக்கிறீர்களா? போன் போட்டால் "சரிம்மா, ஆபீஸ் கால் வருது, அப்புறம் பேசுறேன்" என்கிறாய். அந்த அப்புறம் வருகிறபாடாக இல்லை. அதனால்தான் கடுதாசி.

நம்ம குலசாமி சாஸ்தா கோயிலுக்குப் போய்விட்டு வந்தோம். பங்குனி உத்திரத்தன்று கூட்டத்துக்குக் குறைவில்லை. அத்தை வீட்டிலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள், மதுரைக்காரர்கள்கூட. உன்னைக் கேட்காத ஆள் இல்லை. "பெட்ரோல் விற்கிற விலைக்கு மெட்ராஸிலிருந்து காரை எடுத்துக்கொண்டு எப்படி வருவான்" என்று நீ சொன்னதையே நானும் சொன்னேன். அத்தை "ஆமா, ஆமா" என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வை உனக்குத் தெரியும். அப்பா வாயே திறக்கவில்லை. பொங்கல் பொங்கும்போது உன் பேரை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கு ராத்திரி தார்சாவில் தொங்குகிற பில் கம்பியை இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பெட்ரோல் பங்கில் கொடுக்கிற சீட்டில் எழுத்து வெளுத்துப்போகிறது என்று பின்பக்கம் பேனாவால் தேதியும் விலையும் எழுதி வைப்பாரே, அந்தச் சீட்டுதான். மில்லை விட்டு வந்து இத்தனை வருஷமாகியும் அவருக்கு அந்தக் கணக்கு எழுதுகிற புத்தி போகவில்லை. 2020 கொரோனாவில் உலகமெல்லாம் கச்சா எண்ணெய் அடிமாட்டு விலைக்கு வந்தது, நமக்கு இறங்கவில்லை. அந்த மே மாசம் ஒரே நாளில் லிட்டருக்கு பத்து ரூபாய் கலால் வரியைக் கூட்டினார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். 2021இல் நூறைத் தாண்டியது. ஆகஸ்டில் மாநிலத்தில் மூன்று ரூபாய் குறைத்தார்கள், தீபாவளிக்கு மத்திய அரசு ஐந்து ரூபாய். அடுத்த வருஷம் உக்ரைன் சண்டை, ஏப்ரலில் நூற்றிப் பத்துக்கு மேலே. மே மாசம் வரியில் எட்டு ரூபாய் குறைத்தார்கள். 2024 மார்ச்சில், எலெக்‌ஷனுக்கு முன்னால், இரண்டு ரூபாய். அதற்குப் பிறகு நூற்றிச் சில்லறையில் அப்படியே நிற்கிறது. இந்த மாசம் மறுபடி இரண்டு ரூபாய் வரி கூட்டினார்களாம், ஆனால் பங்கில் விலை ஏறவில்லை.

எல்லாச் சீட்டையும் திரும்பக் கம்பியில் குத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "போன வருஷம் உத்திரத்துக்கு இதே விலையில்தானே காரில் வந்தான்?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. இட்லிக்கு மாவு கரைக்க எழுந்து போய்விட்டேன்.

நீ சொன்னது பொய் என்று நான் எழுதவில்லை, எய்யா. அறுநூறு கிலோமீட்டருக்கு மேலே. லிட்டருக்குப் பதினைந்து என்று வைத்தாலும் போகவர எட்டாயிரம் ரூபாய் பெட்ரோலுக்கே ஆகிவிடும். டோல்கேட் தனி, அங்கேயும் ஏப்ரல் ஒன்றாம் தேதி ஆனால் ஏற்றிவிடுகிறார்கள். எட்டாயிரம் என்ன சும்மாவா? அப்பாவே டி.வி.எஸ்ஸுக்கு நூறு ரூபாய்க்குத்தான் போடுவார். முன்னே நூறு ரூபாய்க்கு ஒரு லிட்டருக்கு மேலே விழும். இப்போது மெஷினில் 0.98இல் வந்து நின்றுவிடுகிறது. பங்குக்காரப் பையனை ஒவ்வொரு தடவையும் முறைத்துவிட்டுத்தான் வருகிறார், அவன் என்ன செய்வான் பாவம்.

ஏறுகிறதெல்லாம் மற்றதுதான். உத்திரத்துக்கு மூன்று நாளைக்கு முன்னால் சிலிண்டருக்கு ஐம்பது ரூபாய் கூடிவிட்டது. மாடிப்படி ஏறித் தூக்கி வருகிற தம்பிக்கும் சேர்த்தால் தொள்ளாயிரத்துக்கு மேலே ஆகிறது. என் பேருக்கு வருகிற உரிமைத்தொகை ஆயிரம் அதிலேயே தீர்ந்தது. தேங்காய் விலையைக் கேட்டால் தூக்கிவாரிப் போடுகிறது, சவம், தென்னந்தோப்புக்கு நடுவில் இருந்துகொண்டு ஒரு காய் நாற்பது ரூபாய்க்கு வாங்குகிறேன். சித்திரை விஷுவுக்குச் சொதி வைக்கலாம் என்று நினைத்தேன். மூன்று காயாவது இல்லாமல் சொதிக்கு ஏது பால்? தடியங்காய்க் கூட்டு வைத்து முடித்துவிட்டேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். கோயிலுக்குப் போக வேன்காரரிடம் பேசினால் போன வருஷத்தைவிட ஐந்நூறு கூடக் கேட்கிறார். டீசல் ஏறவில்லையே என்றால் டயர், இன்சூரன்ஸ், டிரைவர் பேட்டா என்று அடுக்குகிறார். டீசல் ஏறினால் அதைச் சொல்லி ஏற்றுகிறார்கள், இறங்கினால் ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை. பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து வருகிற காய்க்கும் அதே கதைதான்.

இருந்தாலும் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அம்பாசமுத்திரத்துக்கு நான் டவுன் பஸ்ஸில் போகிறேன், டிக்கெட் கிடையாது. அப்பாவுக்குத்தான் டிக்கெட், அதனால் என்னையே கடைக்கு அனுப்பிவிடுகிறார்! ரேஷனில் அரிசி, பருப்பு, பாமாயில் வந்துவிடுகிறது. இரண்டு பேருக்கு எவ்வளவு வேண்டும்?

அதனால் சொல்கிறேன், அடுத்த மாசம் எங்களுக்குப் பணம் அனுப்ப வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த மாசத்திலிருந்து ஒன்றாம் தேதி தவறாமல் அனுப்புகிறவன் நீ. இந்தத் தெருவில் எந்தப் பிள்ளை அப்படி அனுப்புகிறான்? நான் யாரிடமும் பீற்றிக்கொள்வதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். இந்த மாசம் ஒன்பதாம் தேதி வந்தது. நான் கேட்கவில்லை. பேங்கில் ஏதாவது லீவாக இருந்திருக்கும். அப்பா பாஸ்புக்கைப் பதிந்துகொண்டு வந்து ஒன்றும் பேசாமல் என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

பாப்பா வீடியோவில் ஆடிக் காட்டினாளே, நன்றாக ஆடுகிறாள், உன் தங்கச்சி மாதிரியே கையை வீசுகிறாள். ஜன்னல் வழியாகக் கீழே வண்டி நிறுத்துகிற இடம் தெரிந்தது. நம்ம காரைக் காணோம். சர்வீஸுக்கு விட்டிருப்பாய். மருமகள் தாலியை மஞ்சள் கயிற்றில் போட்டிருக்கிறாள். வெயில் காலத்துக்கு அதுதான் நல்லது, செயின் கழுத்தில் அரிக்கும். நானும் உன்னை வயிற்றில் வைத்திருந்தபோது கயிற்றில்தான் போட்டிருந்தேன். பவுன் எழுபதாயிரத்தைத் தாண்டிவிட்டதாம். இந்த விலையில் நகையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிகிறதைவிட பத்திரமாக ஓரிடத்தில் வைத்திருப்பது புத்திசாலித்தனம். எங்கே வைத்திருந்தாலும் சரி, சீட்டை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள், வட்டித் தேதியைத் தவறவிடாதே. உன் சின்ன மாமா தவறவிட்டதை நீ பார்த்திருக்கிறாய்.

என் வளையல் இரண்டும் பீரோவில் சும்மா கிடக்கிறது. சும்மாதான் கிடக்கிறது என்று சொன்னேன், வேறு ஒன்றும் இல்லை.

காரில்தான் வரவேண்டும் என்று எவன் சொன்னான்? உன் கல்யாணத்துக்கு முன்னால் நெல்லை எக்ஸ்பிரஸில் கக்கூஸ் பக்கத்தில் நின்றுகொண்டே வந்து இறங்கியவன்தானே நீ? ஸ்லீப்பர் ஐந்நூறுக்குள் முடிந்துவிடும். திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கிச் செங்கோட்டைப் பாசஞ்சரைப் பிடித்தால் அப்பா அம்பை ஸ்டேஷனில் வண்டியோடு நிற்பார். நெல்லையப்பர் ஆனித் தேருக்கு வாருங்கள். இப்போது ரயில் டிக்கெட் அறுபது நாளைக்கு முன்னால்தான் எடுக்க முடியுமாம், முன்னே மாதிரி நாலு மாசம் கிடையாது. மே மாசம் பிறந்ததுமே நீ பார்த்துக்கொண்டிரு, திறந்த அன்றைக்கே தீர்ந்துவிடும். கார் இருந்தாலும் ரயிலில் வா. ரயிலில் வந்தால் பாப்பாவும் வாந்தி எடுக்க மாட்டாள். அப்பாவுக்கு இப்போதெல்லாம் நீ ராத்திரி கார் ஓட்டுகிறாய் என்றாலே தூக்கம் வருவதில்லை. ஆகையால் ரயில்தான்.

அத்தை என்ன நினைப்பாள், மதுரைக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்றெல்லாம் பார்க்காதே. நினைக்கிறவர்களா நம் வீட்டுக்கு உலை வைக்கிறார்கள்? ஆனால் சாஸ்தாவுக்கு வராமல் இருந்ததை மட்டும் என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அப்பாவுக்குக் காய்ச்சலாகக் கிடந்த வருஷம்கூட நாம் போகாமல் இருந்ததில்லை. போனில் ஒரு வார்த்தை, "அம்மா, இப்படி இருக்கு" என்று சொல்லியிருந்தால் அத்தை முன்னால் நான் பெட்ரோல் விலையைச் சொல்லிக்கொண்டு நின்றிருக்க மாட்டேன்.

குழம்புப்பொடியும் கூழ் வத்தலும் பார்சல் போட்டிருக்கிறேன். இந்த வருஷம் வத்தலில் உப்பு ஒரு கை கூடிவிட்டது, பொரிக்கும்போது பார்த்துக்கொள்ளச் சொல்.

போன் பண்ணுவதானால் பகல் பதினொரு மணிக்குப் பண்ணு. அப்பா அப்போது பேப்பர் படிக்க லைப்ரரிக்குப் போய்விடுவார், வர ஒரு மணியாகும். நான் தனியாகத்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
அம்மா