பாசியைப் பட்டினி போடும் ரெஃப்யூஜியம் தொகுப்பு: புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: கடல்நீர்த் தொட்டிக்கான ரெஃப்யூஜியம் தொகுப்பில் உள்ள தவறான வழிமுறை, மாற்றாக அனுப்பிய பொட்டலத்தில் கௌலர்பா என்ற வேறு பாசி கலந்திருந்தது ஆகியவை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் ரெஃப்யூஜியம் தொகுப்பை (தொட்டி நீரில் சேரும் சத்தை உறிஞ்சப் பாசி வளர்க்கும் தனி அறைக்கானது) வாங்கிய வாடிக்கையாளர் நான். ஒரு உருண்டை கீட்டோமார்ஃபா (சுருக்கமாகக் கீட்டோ) என்ற பச்சைப் பாசி, அதற்கான எல்இடி விளக்கு, பாஸ்பேட்டைப் பிடித்து நீக்கும் இரும்பு மீடியா (துகள்கள்) ஒரு டப்பா, வழிமுறைத் தாள் ஆகியவை பெட்டியில் வந்தன. தாளில் சொன்னபடியே எல்லாவற்றையும் சம்ப்பில், அதாவது தொட்டியோடு இணைந்த துணைத் தொட்டியில், பொருத்தினேன். பாசி வெளுத்து, நொறுங்கிச் செத்துவிட்டது. பாசிக்கு என்ன ஆயிற்று என்பதோடு, ஏன் ஆயிற்று என்பதையும் எழுதுகிறேன். இதே பெட்டியை வாங்கும் எல்லோருக்கும் இதுதான் நடக்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

தொகுப்பைப் பொருத்தும்போது தொட்டியில் நைட்ரேட் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு), பாஸ்பேட் 0.1 பிபிஎம். மீன்களுக்குத் தினமும் தீனி போடும் தொட்டியில் இது அதிசயமான அளவு இல்லை. பாசியும் முதலில் நன்றாகத்தான் இருந்தது. உங்கள் மீடியா வேலையைத் தொடங்கியதும் பாஸ்பேட் சரசரவென்று இறங்கி, டெஸ்ட் கிட்டில் நிறமே தெரியாத அளவுக்குப் போய்விட்டது. நைட்ரேட் மட்டும் 20-ஐ விட்டு அசையவில்லை. பச்சையாக இருந்த உருண்டை வெளிறத் தொடங்கியது. கையில் எடுத்தால் நைலான் நூல் சிக்கு மாதிரி விறைப்பாக இருக்க வேண்டிய பாசி, தொட்டதும் துண்டு துண்டாக உடைந்தது. உடைந்த துண்டுகள் தண்ணீரோடு போய் தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப்பின் வாயை அடைத்தன.

உங்கள் சேவைப் பிரிவுக்கு எழுதினேன். "நைட்ரேட் குறையாததற்குக் காரணம் பாசி போதவில்லை, விளக்கை 24 மணி நேரமும் எரிய விடுங்கள், மீடியாவை இரட்டிப்பாக்குங்கள்" என்று பதில் வந்தது. இந்தப் பதிலைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பாசி வளர நைட்ரஜனும் வேண்டும், பாஸ்பரஸும் வேண்டும். ஒன்று தீர்ந்துபோனால் மற்றது எவ்வளவு கொட்டிக் கிடந்தாலும் அதனால் எடுத்துக்கொள்ள முடியாது. கடலடித் தாவரங்களின் உடலில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் அணுக்கள் சராசரியாக 550:30:1 என்ற விகிதத்தில் இருப்பதாக அட்கின்சனும் ஸ்மித்தும் 1983-லேயே ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கணக்கைத் தொட்டி நீரில் நாம் அளக்கும் நைட்ரேட், பாஸ்பேட் எடைக்கு மாற்றினால், ஏறக்குறைய 20 பங்கு நைட்ரேட்டுக்கு 1 பங்கு பாஸ்பேட் வருகிறது. அதாவது என் தொட்டியில் இருந்த 20 பிபிஎம் நைட்ரேட்டைப் பாசி எடுத்து முடிக்க, சுமார் 1 பிபிஎம் பாஸ்பேட் அதற்குக் கிடைத்திருக்க வேண்டும். தொடங்கும்போது இருந்ததே 0.1தான். மீன் தீனியில் இருந்து வரும் பாஸ்பேட்டை நம்பித்தான் அந்தப் பாசி பிழைத்திருக்க முடியும். அதையும் உங்கள் மீடியா வழியிலேயே பிடித்து வைத்துக்கொண்டது. ஒரே பெட்டியில் பாசியையும் வைத்து, அதன் சாப்பாட்டைப் பிடுங்கும் பொருளையும் வைத்து, இரண்டையும் ஒன்றாகப் போடச் சொல்லியிருக்கிறீர்கள். பட்டினி கிடக்கும் பாசிக்கு வெளிச்சத்தைக் கூட்டி என்ன பயன்?

பாசியோடு இது முடிந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். பாஸ்பேட் அடியோடு இல்லாமல் போன தொட்டியில் டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர் தலைதூக்கும் என்பது பவளம் வளர்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். என் தொட்டியிலும் அதுதான் வந்தது. காலையில் மணல் சுத்தமாக இருக்கும். மதியத்துக்குள் குழகுழவென்று பழுப்பு இழைகள் படர்ந்து, ஒவ்வொரு இழையின் நுனியிலும் ஒரு காற்றுக் குமிழி நிற்கும். மணலை மேய்ந்த நத்தைகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்து செத்தன. மீடியாவை எடுத்துவிட்டு, பாஸ்பேட்டை மெல்ல 0.05 அளவுக்கு ஏற்றிய பிறகுதான் நிலைமை கொஞ்சம் கைக்கு வந்தது. தொட்டியில் இருப்பவை எல்லாம் உயிர்கள். அலங்காரப் பொருள் உடைந்தது போல இதை நினைத்துவிடாதீர்கள்.

வழிமுறைத் தாளில் இன்னொரு வாக்கியமும் திருத்தப்பட வேண்டும். "பாசியில் கை வைக்கத் தேவையில்லை" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். பாசி உறிஞ்சிய சத்து பாசிக்குள்தான் இருக்கிறது. வளர்ந்ததில் ஒரு பகுதியை அறுத்து வெளியே எடுக்கும்போதுதான் அந்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தொட்டியை விட்டுப் போகின்றன. எடுக்காமல் விட்டால் உருண்டை தடித்து, உள்பக்கத்துக்கு வெளிச்சம் போகாமல் அழுகி, எடுத்த சத்தை எல்லாம் தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும். அறுவடைதான் இந்த முறையின் உயிர்நாடி. அதையே வேண்டாம் என்கிறது உங்கள் தாள். விளக்கைப் பற்றியும் ஒரு சொல்: கீட்டோவுக்கு 24 மணி நேர வெளிச்சம் தேவையே இல்லை. பெரிய தொட்டியின் விளக்கு அணைந்த பிறகு இரவில் மட்டும் ரெஃப்யூஜியம் விளக்கு எரிந்தால், இரவில் பிஎச் (நீரின் அமில-கார அளவு) இறங்குவதும் குறையும். பயன் உள்ள இந்தத் தகவல் தாளில் எங்குமே இல்லை.

இனி, செத்த பாசிக்கு மாற்றாக நீங்கள் அனுப்பிய பொட்டலம். வெளியே "கீட்டோமார்ஃபா" என்று ஒட்டியிருந்தது. எந்தப் பாசி வந்தாலும் தனி வாளியில் வைத்துப் பார்த்த பிறகே சம்ப்பில் விடுவது என் வழக்கம். வெள்ளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி, சிக்கைப் பிரித்துப் பார்த்தேன். கீட்டோ இழைகளுக்கு நடுவே வழவழப்பான ஒரு கொடி ஓடியது. கீழ்ப்பக்கம் வேர் போன்ற மெல்லிய நார்கள், மேல்பக்கம் வரிசையாக இறகு வடிவ இலைகள். கீட்டோவுக்கு வேரும் கிடையாது, இலையும் கிடையாது. இது கௌலர்பா.

இரண்டும் பச்சைப் பாசிதானே என்று விட்டுவிட முடியாது. கௌலர்பாவின் கொடி எவ்வளவு நீண்டாலும் உள்ளே தடுப்புச் சுவர் இல்லாத ஒரே செல். இனப்பெருக்கத்துக்குத் தயாராகும்போது உள்ளே இருப்பதை எல்லாம் ஒரே நேரத்தில் நீரில் கொட்டிவிட்டுக் கண்ணாடிக்கூடாகச் செத்துவிடும். தண்ணீர் கலங்கி, ஆக்சிஜன் இறங்கி, சேர்த்து வைத்த சத்து மொத்தமும் ஒரே நாளில் திரும்பி வரும். தெரிந்தே கௌலர்பா வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது அவர்கள் முடிவு. கீட்டோ கேட்டவருக்குச் சொல்லாமல் அதைக் கலந்து அனுப்புவது எப்படிச் சரியாகும்?

தொட்டிக்கு வெளியே இதன் கதை இன்னும் மோசம். 1984-ல் மொனாக்கோ கரையோரம் சின்னத் திட்டாகக் காணப்பட்ட கௌலர்பா டாக்ஸிஃபோலியா, பிறகு மத்தியதரைக் கடலில் பெரும்பரப்பில் பரவியது. 2000-ல் கலிஃபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் நகரக் காயலில் அதே பாசி தென்பட்டபோது, தார்ப்பாய் போட்டு மூடி, உள்ளே குளோரின் செலுத்தி அழித்தார்கள். ஒழிந்துவிட்டது என்று அறிவிக்க 2006 ஆனது. ஒரு சிறு துண்டு போதும், புதுக்கொடி முளைத்துவிடும். அப்படிப்பட்ட பாசியைப் பெயர் ஒட்டாமல் அனுப்பும்போது, வாங்கியவர் மிச்சத்தைச் சாக்கடையிலோ கடலிலோ கொட்டினால் யார் பொறுப்பு?

ஆகவே நான் கேட்பது இவைதான். தொகுப்பின் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். பாசியையும் மீடியாவையும் ஒரே பெட்டியில் விற்பதை நிறுத்துங்கள். விற்றே ஆக வேண்டும் என்றால், பாஸ்பேட்டை அளந்து பார்க்காமல் மீடியாவைப் போடக்கூடாது என்று பெட்டியின் மேலேயே அச்சிடுங்கள். அறுவடை பற்றிய வாக்கியத்தைத் திருத்துங்கள். எல்லாவற்றையும் விட அவசரமானது, எனக்கு வந்த அதே சரக்கில் இருந்து பாசி வாங்கிய மற்ற வாடிக்கையாளர்களுக்கு உடனே தகவல் சொல்வது. அவர்களில் பலர் இந்நேரம் அதைச் சம்ப்பில் விட்டிருப்பார்கள்.

பிரித்தெடுத்த கௌலர்பாவை உறையில் கட்டி ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் வந்து பார்க்க விரும்பினால் காட்டுகிறேன். இல்லையென்றால் நன்றாக உறைந்து செத்த பிறகு குப்பையில் சேர்த்துவிடுவேன். தட்டில் பிரித்து எடுத்த படங்களும், டெஸ்ட் கிட் அளவுகளும், உங்கள் சேவைப் பிரிவின் பதிலும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. பதிலை எழுத்து மூலமே எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்