டோக்கியோ ட்ரைப் 2: மச்சானுக்கு ஒரு கடிதம்

அன்பு மச்சான்,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. வாக்கர் பிடிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். பக்கத்து வீட்டு ஆன்ட்டி முன்னால் நீ கெஞ்சிப் பார், உடனே பிடித்துக்கொள்வார்கள். இங்கே எல்லாரும் நலம். சின்னவனுக்கு லீவு என்பதால் வீடு வீடாக இல்லை. வேலை மாறும் பேச்சு அப்படியே கிடக்கிறது, அதை நேரில் பேசுவோம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். கேங் சண்டையும் ஹிப் ஹாப்பும் சேர்ந்த அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர், எதாவது இருந்தால் சொல் என்றாய். டோக்கியோ ட்ரைப் 2 பார். 2006 கடைசியில் வாவ்வாவ் என்ற கட்டணச் சேனலில் வந்தது, மொத்தம் 13 எபிசோட். மேட்ஹவுஸ் ஸ்டூடியோ தயாரிப்பு, இயக்கம் தட்சுவோ சாத்தோ. விண்வெளிக் கப்பல் கதையான நாதெசிகோவை எடுத்த அதே சாத்தோதான். அவர் கையில் தெரு ரவுடிகள் எப்படி வந்து மாட்டினார்கள் என்று எனக்கும் ஆச்சரியம்தான்.

கதை நடப்பது டோக்கியோவில், ஆனால் நாம் வரைபடத்தில் பார்க்கும் டோக்கியோ இல்லை. ஒவ்வொரு ஏரியாவையும் ஒரு கும்பல் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறது. முசாஷினோவில் சாரு, இகேபுகுரோவில் வு-ரான்ஸ், ஷின்ஜுகுவில் ஹேண்ட்ஸ். நிஜத்தில் ஷின்ஜுகுவிலிருந்து இகேபுகுரோவுக்கு ரயிலில் பத்து நிமிடம்கூட ஆகாது. கதையில் அந்தப் பத்து நிமிடத் தூரத்தைத் தாண்டுவது உயிரைப் பணயம் வைக்கிற காரியம். எனக்கு முதலில் பிடித்ததே அதுதான். ஹிப் ஹாப்பில் எவனைக் கேட்டாலும் தன் பேருக்கு முன்னால் தன் ஏரியா பேரைச் சொல்வான் இல்லையா, அந்தத் திமிரை வைத்து ஒரு நகரத்தையே திரும்ப வரைந்திருக்கிறார்கள்.

சாருவில் இருக்கும் காய் என்பவனும் வு-ரான்ஸை நடத்தும் மேரா என்பவனும் ஒரு காலத்தில் உயிர் நண்பர்கள். இப்போது மேராவுக்குக் காயைக் கொல்ல வேண்டும். ஏன் என்று நான் சொல்ல மாட்டேன், நீயே பார்த்துக்கொள். மேராவுக்குப் பின்னால் நின்று ஊட்டி வளர்ப்பவன் புப்பா என்ற பெரும் தாதா.

இதன் மூலக்கதை சாந்தா இனோவே வரைந்த மாங்கா, அதாவது ஜப்பானிய காமிக்ஸ். அது தொடராக வந்த இடம்தான் சுவாரசியம். மாங்கா வார இதழ் எதிலும் இல்லை, பூன் என்ற தெரு ஃபேஷன் பத்திரிகையில் 1997லிருந்து வந்தது. ஷூ, ஜாக்கெட், தொப்பி, எது எந்தக் கடையில் கிடைக்கும் என்று பையன்கள் விரல் வைத்துப் படித்த பத்திரிகை அது. ஜப்பானில் அதற்குச் சற்று முன்னால்தான் நைக்கி ஏர் மேக்ஸ் 95க்குப் பைத்தியம் பிடித்திருந்தது. தெருவில் போகிறவனை மடக்கிக் காலில் கிடக்கும் ஷூவைக் கழற்றிக்கொண்டு போனார்கள், அதற்கு 'ஏர் மேக்ஸ் வேட்டை' என்று பேரே வைத்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், அனிமேயில் ஒருத்தனின் முகத்தைவிட அவன் போட்டிருக்கும் வீங்கிய ஜாக்கெட்டும் ஷூவும் ஏன் அவ்வளவு அக்கறையாக வரையப்பட்டிருக்கின்றன என்று புரியும். சட்டைதான் கொடி, தொப்பிதான் அடையாள அட்டை.

இசை முரோ. டோக்கியோ ஹிப் ஹாப்பின் முதல் தலைமுறை ஆள், டிஜே கிரஷ்ஷோடு சேர்ந்து கிரஷ் பாஸி என்ற குழுவில் இருந்தவர், பழைய இசைத்தட்டுகளைத் தோண்டி எடுப்பதில் ராஜா என்று பெயர் வாங்கியவர். ஹிப் ஹாப்பைத் தூரத்திலிருந்து கேட்டுவிட்டு யாரோ ஸ்டூடியோவில் உட்கார்ந்து செய்த நகல் இல்லை இது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார். சண்டை இல்லாத இடங்களில், பையன்கள் பென்னிஸ் என்ற ராத்திரி ஹோட்டலில் சோபாவில் சரிந்து வெட்டிக்கதை பேசும்போது, அடியில் ஓடும் பீட் இருக்கிறதே, அதுக்காகவே இரண்டு எபிசோட் கூடுதலாகப் பார்க்கலாம். நாம் ராத்திரி டீக்கடையில் பைசா இல்லாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது.

சரி, இனிக் குறை. பன்னிரண்டு தொகுதி மாங்காவைப் பதின்மூன்று எபிசோடில் அடைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகியிருக்கிறது. வருகிறான், முறைக்கிறான், சாகிறான், அவன் யார் என்று நமக்குத் தெரிவதற்குள் அடுத்தவன் வந்துவிடுகிறான். கட்டணச் சேனல் என்ற தைரியத்தில் ரத்தத்துக்கும் பாலியல் வன்முறைக்கும் கணக்கே இல்லை. வன்முறை வேண்டாம் என்று சொல்லும் ஆள் நான் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் இங்கே பெண்கள் பெரும்பாலும் தூக்கிக்கொண்டு போவதற்கும் மிரட்டுவதற்கும்தான். வில்லன் எவ்வளவு கெட்டவன் என்று காட்ட ஒவ்வொரு முறையும் அவனுடைய காமத்தையே காட்டுவது சோம்பேறித்தனம். நாலாவது தடவை அதே வக்கிரம் வரும்போது அதிர்ச்சிகூட வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாத ஒன்று இருக்கிறது. சாரு பையன்களுக்கு அண்ணன் மாதிரி இருந்த தேரா சாகிறான், அதன் பிறகு பழிக்குப் பழி. இதைப் பார்த்ததும் எனக்கு பிராங்க்ஸ் ஞாபகம் வந்தது. 1971 டிசம்பரில், நியூயார்க்கின் அந்தப் பகுதியில் கெட்டோ பிரதர்ஸ் என்ற கும்பலிலிருந்து பிளாக் பெஞ்சி என்பவன் சண்டையை விலக்கிச் சமாதானம் பேசப் போனான். அங்கேயே அடித்துக் கொன்றுவிட்டார்கள். ஊரே ரத்தக்களறி ஆகும் என்று பயந்தது. ஆனால் அவன் கும்பலின் தலைவர்கள் பழி வாங்கவில்லை. ஹோ அவென்யூவில் இருந்த சிறுவர் மன்றத்தில் எல்லா கும்பல்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சமாதானம் பேசினார்கள். சண்டை அதோடு ஒரேயடியாக ஒழிந்துவிடவில்லை. ஆனாலும் ஒரு ஏரியாவிலிருந்து அடுத்த ஏரியாவுக்குப் பார்ட்டிக்குப் போகிற தைரியம் மெல்ல வந்தது. 1973 ஆகஸ்டில் செட்ஜ்விக் அவென்யூவில் தன் தங்கை சின்டி ஏற்பாடு செய்த பார்ட்டியில் கூல் ஹெர்க் இசைத்தட்டு சுழற்றினார், அதைத்தான் ஹிப் ஹாப் பிறந்த நாள் என்கிறார்கள். பிளாக் ஸ்பேட்ஸ் கும்பலில் இருந்த பம்பாட்டா பிறகு ஜூலு நேஷன் என்ற ஹிப் ஹாப் அமைப்பைத் தொடங்கியதும் இந்த வழியில்தான். கத்தியை வைத்துவிட்டு, எவன் நன்றாக ஆடுகிறான், எவன் நன்றாகச் சொல் விடுகிறான் என்று பார்ப்போம் என்பது அந்த ஏற்பாடு.

டோக்கியோ ட்ரைப் 2 இதை அப்படியே தலைகீழாக்குகிறது. ஹிப் ஹாப்பின் ஜாக்கெட், பீட், சுவர் ஓவியம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, எந்தச் சண்டையிலிருந்து தப்பிக்க அது பிறந்ததோ அதே சண்டைக்குள் திருப்பி அனுப்புகிறது. ராப் பின்னணியில் ஓடுகிறது. பையன்கள் வாயைத் திறந்தால் வருவது மிரட்டல். மேரா கையில் மைக் கொடுக்க இவர்களுக்குத் தோன்றவே இல்லை, கத்தானா என்ற சாமுராய் வாளைத்தான் கொடுத்தார்கள்.

2014ல் சியோன் சோனோ இதே மாங்காவைப் படமாக எடுத்தபோது எல்லாரையும் ராப் பாடவைத்தார். படம் கண்டபடி ஆடுகிறது, ருசிக்கேட்டுக்கும் குறைவில்லை, ஆனாலும் அந்த ஒரு விஷயம் அவருக்குப் புரிந்திருந்தது. அப்புறம் ஹிப்னாஸிஸ் மைக் என்று ஒன்று இருக்கிறது, 2020ல் அனிமே ஆனது. ஆயுதங்களைத் தடை செய்துவிட்டு இகேபுகுரோ, ஷின்ஜுகு, ஷிபுயா, யோகோஹாமா ஆட்கள் மைக்கில் மோதிக்கொள்வதுதான் கதை. பளபளப்பும் அழகுப் பையன்களும் அதிகம், உனக்குப் பத்து நிமிடத்தில் அலுத்துவிடும். இருந்தாலும் பழைய பிராங்க்ஸ் யோசனைக்கு அதுதான் பக்கத்தில் நிற்கிறது.

ஆகவே என் தீர்ப்பு: டோக்கியோ ட்ரைப் 2ஐப் பார், முதல் மூன்று எபிசோட் கட்டாயம். அதன் பிறகு பிடிக்காவிட்டால் நிறுத்திவிட்டு முரோவின் இசையை மட்டும் தேடிப்பிடித்துக் கேள். பாப்பா தூங்கின பிறகுதான் போடு, கதவையும் சாத்திக்கொள். பார்த்துவிட்டுக் காய் பக்கமா மேரா பக்கமா என்று எழுது, எனக்குக் கடைசி வரை மேரா மேல்தான் கண். அம்மாவை நான் கேட்டதாகச் சொல். தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது அந்தக் கடனைத் தீர்க்கிறேன், எந்தக் கடன் என்று உனக்குத் தெரியும்.

உன்,
பழைய ரூம்மேட்