மைக் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு நூல் எடுடா

மச்சான்,

உன் லெட்டர் வந்துச்சு, ரெண்டு தடவ படிச்சேன். பன்னெண்டு வருஷமா மூட்டை கட்டி வெச்சிருந்த டிரம்ஸை பிரிச்சு மாட்டிட்டேன்னு எழுதியிருந்த பாரு, அந்த இடத்துல அப்படியே நிறுத்திட்டு வீட்ல எல்லாரையும் கூப்ட்டு சொன்னேன். இங்க எல்லாரும் சௌக்கியம். பெரியவ காலேஜ் முடிச்சுட்டா, சின்னவன் என் பழைய ஸ்டிக்கை தேடி எடுத்து நாள் பூரா தலகாணிய தட்டிட்டு இருக்கான், டைமிங் நல்லாவே வருது அவனுக்கு.

எட்டு மைக் செட் ஒண்ணு பெட்டியோட வருது வாங்கட்டுமான்னு கேட்டிருக்க. இப்ப வேணாம்டா. காசுக்காக சொல்லல, நான் பட்டுட்டு சொல்றேன். போன வருஷம் தெரிஞ்சவர் ஒருத்தர்ட்ட எட்டு மைக் இரவல் வாங்கி நடுவுல இருக்கற ஸ்நேர் டிரம்முக்கு மேல ஒண்ணு கீழ ஒண்ணு, பக்கத்து டிரம்மான டாம் ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு, காலால அடிக்கிற கிக், ஜோடித் தட்டு ஹைஹேட், மொத்தத்தையும் மேலேர்ந்து புடிக்கற ஓவர்ஹெட் ரெண்டுன்னு எல்லாத்தையும் மாட்டி ரெக்கார்ட் பண்ணேன். தனித்தனியா கேட்டா ஒவ்வொரு டிராக்கும் பிரமாதம். எல்லாத்தையும் சேத்து ஓடவிட்டா ஸ்நேர் தகர டப்பா மாதிரி ஆயிடுது, கிக்ல அடி வயிறே இல்ல. கட்டைய ஏத்தி எறக்கற ஈக்யூவ ரெண்டு ராத்திரி திருகினேன், ஒண்ணும் நடக்கல.

மூணாவது நாள்தான் ரெண்டு ஓவர்ஹெட் டிராக்கையும் பெருசாக்கி ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வெச்சு பாத்தேன். ஒரே ஸ்நேர் அடி, மேல் டிராக்ல முன்னாடி எழும்புது, கீழ் டிராக்ல கொஞ்சம் தள்ளி எழும்புது. டேப் எடுத்து அளந்தா ஸ்நேர்லேர்ந்து ஒரு மைக் 80 சென்டிமீட்டர், இன்னொண்ணு 114. சத்தம் செகண்டுக்கு சுமார் 343 மீட்டர் போகுதுல்ல, அப்ப இந்த 34 சென்டிமீட்டருக்கு 1 மில்லிசெகண்ட் லேட். அது ஒரு விஷயமான்னு தோணும், ஆனா 1 மில்லிசெகண்ட் லேட்டா வந்த சத்தத்த முதல் சத்தத்தோட சேத்தா ரெண்டு அலையும் எதிரெதிரா மோதி 500 ஹெர்ட்ஸ்ல ஒரு பள்ளம், 1500ல ஒண்ணு, 2500ல ஒண்ணுன்னு வரிசையா விழுந்துட்டே போகும். ஸ்நேரோட சதை பாதி அங்கதான்டா இருக்கு. அடிச்சு காலியான எடத்துல ஈக்யூ எத ஏத்தும் சொல்லு.

அதனால மூணு மைக்ல ஆரம்பி. ஓவர்ஹெட்டுக்கு ரெண்டு கண்டன்சர் மைக், கிக்குக்கு ஒரு டைனமிக் மைக், அவ்ளோதான். 1960கள் கடைசில ராக் பேண்டுகளை ரெக்கார்ட் பண்ண க்ளின் ஜான்ஸ்ங்கற இன்ஜினியர் பேர்ல ஒரு முறையே இருக்கு. ஒரு மைக் ஸ்நேருக்கு நேர் மேல கீழ பாத்த மாதிரி, இன்னொண்ணு தரைல நிக்கற ஃப்ளோர் டாமுக்கு அந்தப்பக்கம், விளிம்பவிட கொஞ்சம் உசரத்துல, ஹைஹேட்ட பாத்த மாதிரி. எனக்கு சரிப்பட்டு வந்தது இதுதான். ஆனா ரெண்டும் ஸ்நேர்லேர்ந்து ஒரே தூரம் இருக்கணும், அங்கதான் நூல் வருது. நூலோட ஒரு நுனிய ஸ்நேர் ஹெட், அதான் அடிக்கிற தோல், அது நடுவுல டேப் போட்டு ஒட்டு, மேல் மைக் வாய் வரைக்கும் விறைப்பா இழுத்து அங்க ஒரு முடிச்சு போடு, இப்ப அந்த முடிச்ச அப்படியே ஃப்ளோர் டாம் பக்கம் கொண்டு போ, நூல் விறைக்கிற எடத்துல ரெண்டாவது மைக்கோட வாய் இருக்கட்டும். அஞ்சு நிமிஷ வேலை. நான் இத செஞ்சுட்டு முதல் அடிய கேட்டப்ப ஸ்நேர் நடுவுல வந்து கெட்டியா உக்காந்துச்சு, ரொம்ப நேரம் அதையே திருப்பி திருப்பி போட்டு கேட்டுட்டு இருந்தேன்.

கிக்குக்கு முன்பக்க ஹெட்ல ஓட்டை இருந்தா மைக்க உள்ள கொஞ்சம் விடு, பெடலோட பீட்டர் கட்டை அடிக்கிற எடத்த நேரா பாத்தா டிக்குனு வரும், சாய்ச்சா உருண்டையா வரும், உனக்கு எது புடிக்குதோ அது. அப்புறம் சத்த அலைய தலைகீழா திருப்பற போலாரிட்டி பட்டன தட்டி தட்டி பாரு, ஓவர்ஹெட்டோட சேத்து கேக்கறப்ப எதுல கீழ்க்கட்டை சத்தம் கூடுதோ அத வெச்சுக்கோ. நாலாவதா ஒரு மைக் கைல இருந்தா ஸ்நேர் விளிம்புக்கு மேல ரெண்டு விரக்கடை விட்டு வை, ஷூர் எஸ்எம்57 போதும், 1965லேர்ந்து இருக்கு, இன்னும் எல்லாரும் அதத்தான் வெக்கறாங்க. மைக்கோட முதுகு ஹைஹேட் பக்கம் இருக்கட்டும்.

இதெல்லாத்துக்கும் முன்னாடி ஹெட்ட மாத்து மச்சான். பன்னெண்டு வருஷம் இழுத்தபடி கெடந்த ஹெட்டுக்கு எந்த மைக் வெச்சும் பிரயோஜனம் இல்ல. புதுசு போட்டு, அத இழுத்துப் புடிக்கற திருகு இருக்கற ஒவ்வொரு லக் பக்கத்துலயும் லேசா தட்டி எல்லாம் ஒரே சுதில வர்ற வரைக்கும் பொறுமையா திருகு. டாம அடிச்சா ஸ்நேருக்கு அடில இருக்கற கம்பி கொஞ்சம் ரீங்கரிக்கும், அது இருக்கட்டும், அத முழுசா அடக்கப் போனா டிரம்ஸ் செத்துடும். உன் ரூம்ல சீலிங் தாழ்வா இருந்தா மைக்குக்கு மேல கனமான போர்வை ஒண்ணு கட்டு, இல்லன்னா சீலிங்ல பட்டு திரும்பற சத்தமும் அதே லேட்டு வேலையத்தான் பண்ணும். லெவல் பாக்கறப்ப முழு வேகத்துல அடி, செக்கிங்ல எல்லாரும் மெதுவாதான் அடிப்பாங்க, பாட்டுல ஏறிடும். ரெக்கார்டிங் 24 பிட்ல எடு, மீட்டர்ல உச்சம் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நின்னா தாராளம்.

நம்ம பழைய கேசட் ஒண்ணு கெடச்சுது, அத சொல்லவே மறந்துட்டேன் பாரு. ரூம் மூலைல டேப் ரெக்கார்டர வெச்சு எடுத்தோமே, அதேதான். இரைச்சல் நெறைய இருக்கு, ஆனா டிரம்ஸ் டிரம்ஸாவே கேக்குதுடா! ஒரே மைக், அதுக்கு சண்ட போட இன்னொரு மைக் இல்ல. அதவிட, நீ ஹைஹேட்ட அமுக்கி வாசிச்சு ஸ்நேர மட்டும் தூக்கி விட்ருக்க, பேலன்ஸ் பூரா உன் கைலயே இருக்கு. மூணு மைக்குக்கு வேண்டியது அந்தக் கைதான், எட்டு மைக் இருந்தாலும் அத மிக்ஸ்ல கொண்டு வர முடியாது.

ஹெட் மாத்தி முடிச்சதும் ஒரு நாலு நிமிஷம் வாசிச்சு அனுப்பு. மிக்ஸ் பண்ணாத, மூணு டிராக்கும் தனித்தனியா வேணும், நூல் எத்தன சென்டிமீட்டர்னும் எழுது. நான் அதுக்கு மேல பேஸ் வாசிச்சு திருப்பி அனுப்பறேன்.

உன்
பழைய பேஸ்காரன்