பரேசியைப் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பள்ளிக் கால்பந்து அணியில் உன் மகனை முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு மாற்றிவிட்டதாகவும், அதனால் அவன் சோர்ந்து போயிருப்பதாகவும் எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்த பெயர், ஏசி மிலான் அணியிலும் இத்தாலி அணியிலும் பின்வரிசையில் ஆடிய பிராங்கோ பரேசி. இத்தாலியப் பின்வரிசை ஆட்டம் என்றால் நீ, அவருக்கு முன் இத்தாலி அணியில் அதே இடத்தில் ஆடிய கயெத்தானோ ஸ்கிரேயாவைத்தான் சொல்வாய். அவருடைய நிதானத்தை நானும் மதிக்கிறேன். ஆயினும், பின்னால் நிற்கும் ஒருவரால் அணி முழுவதையும் நடத்த முடியும் என்று காட்டியவர் பரேசிதான் என்பது என் உறுதியான எண்ணம்.

அவர் 1960 மே 8 அன்று பிரேஷியாவுக்கு அருகிலுள்ள திரவல்யாட்டோ என்ற சிற்றூரில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். இன்டர் மிலான் அவருடைய அண்ணன் ஜுசெப்பேயைச் சேர்த்துக்கொண்டு, உருவத்தில் சிறியவரான தம்பியைத் திருப்பி அனுப்பியது. அதே நகரத்தின் மற்றோர் அணியான ஏசி மிலான் அவரை எடுத்துக்கொண்டது. பின்னாளில் அண்ணனும் தம்பியும் எதிரெதிர் அணிகளின் கேப்டன்களாகச் சான் சிரோ மைதானத்தில் இறங்கினார்கள். பரேசியின் முதல் லீக் ஆட்டம் 1978 ஏப்ரலில். அடுத்த பருவத்திலேயே, மிலானின் நட்சத்திர வீரர் ஜானி ரிவேரா கடைசியாக ஆடிய அணியில் நிலையான இடம் பிடித்து, பட்டத்தையும் வென்றார்.

அதன் பிறகு வந்த ஆண்டுகளைத்தான் உன் மகனுக்கு விரிவாகச் சொல்ல வேண்டும். 1980இல் சூதாட்ட ஊழலுக்குத் தண்டனையாக மிலான் இத்தாலிய லீக்கின் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. மீண்டு வந்த அணி 1982இல் மோசமாக ஆடி மறுபடியும் கீழே இறங்கியது. அதே கோடையில் இத்தாலி ஸ்பெயினில் உலகக்கோப்பையை வென்றது. பரேசி அந்த அணியில் இருந்தார், ஆனால் ஸ்கிரேயா இருந்த இடத்தில் அவருக்கு ஓர் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. உலகச் சாம்பியன் அணியில் இடம்பெற்ற 22 வயது இளைஞர், வேறு பெரிய அணிக்குப் போகாமல், இரண்டாம் பிரிவில் மிலானின் கேப்டனாக நின்றார். அவர் பிற்காலத்தில் வென்ற கோப்பைகள் எல்லாவற்றையும்விட இந்த முடிவையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

1987இல் அரிகோ சாக்கி மிலானின் பயிற்சியாளராக வந்தார். அதுவரை இத்தாலியில் பின்வரிசை வீரர்கள் ஆளுக்கோர் எதிராளியைப் பிடித்துக்கொள்வார்கள். லிபெரோ எனப்படும் ஒருவர் மட்டும் எல்லோருக்கும் பின்னால் நின்று, தப்பி வரும் பந்தைத் துடைத்தெடுப்பார். சாக்கி அந்த முறையைக் கைவிட்டு நால்வரையும் ஒரே கோட்டில் நிறுத்தினார். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையே ஏறத்தாழ 25 மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்றார். பந்தே இல்லாமல் நகர்வுகளை மட்டும் பழக்கினார். எதிரணி பந்தைக் கொடுக்கும் நொடியில் நால்வரும் சேர்ந்து முன்னேறினால் எதிர் முன்கள வீரர் பின்வரிசையைத் தாண்டி நின்றுவிடுவார். ஆஃப்சைடு என்ற அந்தக் குற்றத்தில் மாட்டிக்கொள்வார். நால்வரில் ஒருவர் தயங்கினாலும் கோல். அந்த நொடியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பரேசியுடையது. தசோட்டி, கொஸ்டகுர்த்தா, மால்தீனி மூவரும் அவரைப் பார்த்தே நகர்ந்தார்கள். 1987-88 பருவத்தின் 30 லீக் ஆட்டங்களில் மிலான் வாங்கிய கோல்கள் 14 மட்டுமே. 1989இலும் 1990இலும் ஐரோப்பியக் கோப்பை அவர்களிடமே வந்தது.

1990இல் ஆஃப்சைடு விதியே மாறியது. அதுவரை பின்வரிசைக்கு நேர்கோட்டில் நிற்கும் முன்கள வீரரும் ஆஃப்சைடுதான். அதன்பின் நேர்கோட்டில் நிற்பது குற்றமில்லை என்றானது. பரேசியின் ஆயுதமே மழுங்கியிருக்க வேண்டிய மாற்றம் அது. ஆனால், சாக்கிக்கு அடுத்து வந்த பயிற்சியாளர் கபெல்லோவின் காலத்தில் அவர் மேலும் நான்கு லீக் பட்டங்களை வென்றார். 1993-94இல் அணி 34 ஆட்டங்களில் வாங்கியவை 15 கோல்கள். அவருடைய திறமை விதியின் சலுகையில் இல்லை, பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே உணர்வதில் இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை. ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான 1989இன் பாலன் டி'ஓர் விருதில் தம் அணியின் வான் பாஸ்டனுக்கு அடுத்த இடம் பெற்றதும் ஒரு பின்கள வீரருக்கு அரிதான பெருமை.

இனி, 1994 உலகக்கோப்பை இறுதியாட்டத்தில் பரேசியைப் பெனால்டி அடிக்க அனுப்பியது தவறு என்று முன்பொரு முறை நீ எழுதியிருந்தாயே, அதற்கு வருகிறேன். அந்த உலகக்கோப்பையில் நார்வேக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்திலேயே அவருடைய முழங்காலில் குருத்தெலும்பு கிழிந்தது. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, காயம்பட்ட 24ஆம் நாள் இறுதியாட்டத்தில் இறங்கினார். வயது 34, அமெரிக்காவின் பாசடேனாவில் நண்பகல் வெயில், தடையால் கொஸ்டகுர்த்தா இல்லை, எதிரே பிரேசிலின் முன்கள வீரர்கள் ரொமாரியோவும் பெபெட்டோவும். 120 நிமிடங்கள் பிரேசிலால் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. இத்தாலியும் கோல் போடாததால் பெனால்டிகளால் வெற்றியைத் தீர்மானிக்க வேண்டியதாயிற்று. இத்தாலியின் முதல் பெனால்டியை அடித்தவர் அவர்தான். பந்து கம்பத்துக்கு மேலே போனது. அடுத்து வந்த பிரேசிலின் உதையையும் இத்தாலியக் கோல்கீப்பர் பல்யூக்கா தடுத்துவிட்டதால் கணக்கு உடனே சமமாகிவிட்டது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் அர்ஜென்டினாவுக்கு எதிரான அரையிறுதியிலும் முதல் பெனால்டி அவருடையதுதான். அன்று அது கோலானது. ஆகவே, அவரை நம்பி அனுப்பியது தவறு என்று நீ எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை.

உன் மகனுக்கு அந்த இறுதியாட்டத்தை முழுவதுமாகப் போட்டுக் காட்டு. பந்தின் பின்னால் போகாமல், நீலச் சட்டையில் 6ஆம் எண் எப்போது முன்னேறுகிறது, எப்போது பின்வாங்குகிறது என்று மட்டும் பார்க்கச் சொல். அடுத்து 1982 இறுதியாட்டத்தையும் காட்டலாம். இத்தாலியின் தார்தெல்லி அடித்த கோலுக்கு முன் ஸ்கிரேயா ஜெர்மனியின் பெனால்டி எல்லைக்குள்ளேயே நின்று பந்தைக் கைமாற்றுகிறாரே, அதை நான் எத்தனை முறை பார்த்தாலும் உன் கட்சிக்குக் கொஞ்சம் சாய்ந்துவிடுகிறேன். இருவரில் யாரை அவனுக்குப் பிடித்தது என்று அவனையே எழுதச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்