‘வலியுறுத்தினார்’: அதற்குப் பிறகு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் சட்டமன்ற உறுப்பினர் மாதந்தோறும் தம் பணிகளைத் தொகுத்து, நான்கு பக்கத் தாள் ஒன்றை அச்சிட்டு, காலை நாளிதழோடு சேர்த்து வீடுகளுக்கு அனுப்புகிறார். அதே செய்திகள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களிலும் வந்துவிடுகின்றன. அவர் எந்தக் கட்சி, தொகுதி எது என்பதெல்லாம் இக்கடிதத்துக்கு வேண்டியதில்லை. ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் இடையே எந்தத் தொகுதியை எடுத்துக்கொண்டாலும் நான் சொல்லப்போவது ஏறக்குறையப் பொருந்தும். தொகுதி மக்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்று ஒருவர் நினைப்பதே பாராட்டத்தக்கது. அந்தக் கணக்கு எழுதப்படும் விதத்தில்தான் எனக்குக் குறை உண்டு. பல ஆண்டுகள் பால் கூட்டுறவுச் சங்கத்தில் பதிவேடு எழுதியவன் என்பதால் இந்தக் குறை என் கண்ணில் சற்று அதிகமாகவே படுகிறது போலும்.

சென்ற மாதத் தாளைச் சங்கத்தில் பால் ஊற்ற வந்தவர்களோடு சேர்ந்து படித்தேன். முதல் மூன்று பக்கங்களில் கோயில் குடமுழுக்குகள், கல்யாணங்கள், ஒரு காதணி விழா, நிழற்குடைத் திறப்பு, வள்ளிக் கும்மி அரங்கேற்றம் எனப் படங்களே நிறைந்திருந்தன. இவற்றைக் குறைத்துப் பேச மாட்டேன். மாரியம்மன் நோம்பிக்கு வந்த உறுப்பினரிடம்தான் எங்கள் ஊர் மயானப் பாதைக்கு மனு கொடுத்தோம். அலுவலகப் படியேறத் தயங்குகிற பெண்கள்கூடக் கும்மி நடக்கும் திடலில் அவரிடம் தைரியமாகப் பேசிவிடுகிறார்கள். ஆனால் அன்று வாங்கிய மனு எந்த அலுவலகத்துக்குப் போயிற்று என்ற செய்தியைத் தாளில் தேடினேன். மனுவை வாங்கும் படம் இருந்தது.

கொள்கை சார்ந்த செய்தி எல்லாம் கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு சிறு கட்டத்துக்குள் அடங்கிவிட்டது. அதில் ‘வலியுறுத்தினார்’ என்ற சொல் மட்டும் நான்கு முறை வருகிறது. தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வதற்கு இழப்பீடு வழங்க வலியுறுத்தினார். விசைத்தறிக் கூலி உயர்வை நடைமுறைப்படுத்த வலியுறுத்தினார். சாலையைச் சீரமைக்க வலியுறுத்தினார். குளங்களுக்கு அத்திக்கடவு நீர் கிடைக்க வலியுறுத்தினார். யாரிடம், எந்தத் தேதியில், அவர் என்ன பதில் சொன்னார் என்று ஒரு வரியும் கிடையாது. தாளைக் கையில் வாங்கிப் பார்த்த பெரியவர் ஒருவர், “ஏனுங்க, நம்ம குளம் இதுல எங்கீங்க இருக்குது?” என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

அவர் கேட்டது சாதாரணக் கேள்வி அன்று. அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கேட்டு, 2016இல் அவிநாசியில் உண்ணாவிரதம் வரை போய், 2019இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிவைக்கப்பட்ட திட்டம் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம். பவானியாற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே வரும் உபரி நீரில் 1.5 டி.எம்.சி.யை, விநாடிக்கு 250 கன அடி வீதம் 70 நாட்களுக்கு, ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேட்டுக்கு ஏற்றி, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாயில் கொண்டு சேர்ப்பது அதன் ஏற்பாடு. ஆகவே ஒரு குளம் வறண்டு கிடந்தால் அதற்குக் காரணம் குறிப்பாகத்தான் இருக்க முடியும்: ஆற்றில் உபரி வரவில்லை, அல்லது வழியில் குழாயோ கருவியோ பழுதாகியிருக்கிறது, அல்லது அந்தக் குளம் பட்டியலிலேயே இல்லை. முதலாவதற்கு மழையைத்தான் எதிர்பார்க்க வேண்டும். இரண்டாவதைப் பொறியாளர் சரிசெய்யலாம். மூன்றாவதற்கு அரசாணை தேவை. எங்கள் ஊரில் குளங்கள் இரண்டு. ஒன்று பட்டியலில் உண்டு, மற்றொன்று இல்லை. பட்டியலில் உள்ளதற்கு ஒருமுறை நீர் வந்து அடிமண் நனைந்தது. அடுத்தமுறை பக்கத்து ஊர்க் குளம் நிரம்பியபோது எங்களுக்கு வரவில்லை. இரண்டு குளங்களுக்கும் சேர்த்து ஒரே ‘வலியுறுத்தினார்’ என்று எழுதினால், நாங்கள் நீர்வளத்துறை அலுவலகத்துக்குப் போவதா, அடுத்த கட்டத் திட்டத்தில் சேர்க்கக் கோரிக் கையெழுத்து வாங்குவதா?

விவரத்தோடு எழுத உறுப்பினருக்குத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. சில மாதங்களுக்கு முன் வந்த தாளில், எங்கள் வழித்தடத்தில் நிறுத்தப்பட்ட மாலை நேர நகரப் பேருந்தைப் பற்றி, தாம் எழுதிய கடிதத்தின் தேதி, போக்குவரத்துக் கழகக் கிளையிலிருந்து வந்த பதில், ஓட்டுநர் பற்றாக்குறையே காரணம் என்ற விளக்கம், மீண்டும் இயக்கப்படும் நாள் ஆகிய எல்லாவற்றையும் எட்டே வரிகளில் அச்சிட்டிருந்தார். அந்தத் துண்டை யாரோ வெட்டிச் சங்கத்துச் சுவரில், கொழுப்புச் சத்து விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார்கள். குறித்த நாளில் பேருந்து வராதபோது கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர் அந்தத் துண்டைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு கிளை அலுவலகத்துக்குப் போனார்கள். அந்த வாரத்துக்குள் பேருந்து வந்தது.

இப்போது இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் பகுதி ஊராட்சித் தலைவர்கள், வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்புக்குச் சென்றன. முன்பெல்லாம் திண்ணையிலேயே தலைவரைப் பிடித்துக் கேட்டுவிடுவோம். அந்த வழி அடைபட்டபின் கிராமத்துக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் மக்கள் பிரதிநிதி சட்டமன்ற உறுப்பினர் ஒருவரே. பேரவையின் கேள்வி நேரம் நேரலையில் வருவது உண்மைதான். அந்த நேரத்தில் எங்கள் ஆட்கள் தறிக்கூடத்திலோ தோட்டத்திலோ இருப்பார்கள். அவர் என்ன கேட்டார், அமைச்சர் என்ன சொன்னார் என்பதை இந்தத் தாள்தான் எங்களிடம் கொண்டுவர வேண்டும்.

2022 ஆகஸ்டில் முதலமைச்சர் எல்லாச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியில் நெடுங்காலமாக நிறைவேறாதிருக்கும் பத்துக் கோரிக்கைகளை மாவட்ட ஆட்சியரிடம் அளிக்குமாறு கேட்டிருந்தார். எங்கள் தொகுதியின் அந்தப் பத்து எவை என்று அன்று சங்கத்தில் நின்றிருந்தவர்களிடம் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியாது. ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதியில் எந்த ஊருக்கு எந்த வேலை, எவ்வளவு தொகை, முடிந்ததா என்பதை ஒரு பக்க அட்டவணையில் அடக்கிவிடலாம். குடமுழுக்குப் படங்களில் நான்கைக் குறைத்தாலே அதற்கு இடம் கிடைத்துவிடும். அந்தந்தக் கோயில் கமிட்டியார் வருத்தப்படுவார்கள் என்பதும் எனக்குத் தெரிந்ததே.

எங்கள் இரண்டு குளங்களின் பெயர்கள், ஒன்று பட்டியலில் உள்ளது, மற்றொன்று இல்லை என்ற விவரம், நீர் வந்த நாள், வராமல் போன நாள் ஆகியவற்றை எழுதி, அடுத்த மாதத் தாளில் பதில் வெளியிடுமாறு கேட்டு உறுப்பினரின் அலுவலகத்தில் கடிதம் கொடுத்திருக்கிறேன். பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் என் நகலில் உள்ளன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பால் சங்கச் செயலாளர்,
ஈரோடு மாவட்டம்.