குரல் ஆய்வு செய்வோருக்கு: கண்டதை எங்களிடம் சொல்லுங்கள்

கொழும்பில் பாடகர்களின் குரல்நலம் பற்றி ஆய்வு செய்யும் வைத்தியர்களுக்கும், பேச்சு மொழிச் சிகிச்சையாளர்களுக்கும், அந்த ஆய்வுகளுக்கு அனுமதி வழங்கும் நெறிமுறை மீளாய்வுக் குழுக்களுக்கும்,

வணக்கம்.

இம்முறை நவராத்திரிக்கு முந்திய வாரம் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். உங்களில் ஒரு குழு வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கத்து இசை ஆசிரியர்களையும் கோயில்களில் பண்ணிசை பாடுவோரையும் அழைத்துப் பரிசோதித்தது. ஓர் இளம் ஆசிரியையின் தொண்டைக்குள் கமரா போனபோது, இரண்டு குரல்நாண்களிலும் வீக்கம் திரையில் தெரிந்தது. காணொளி சேமிக்கப்பட்டது. அவரிடம் நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒன்பது இரவும் அவர் கோயிலில் பாடினார். குரல் அடைத்துப்போய் வேறு வைத்தியரிடம் காட்டியபோதுதான் விடயம் வெளியே வந்தது. ஆய்வுக்குழுவிடம் விசாரித்தோம். "இது ஆய்வு, சிகிச்சை அல்ல" என்பதே பதில்.

அந்தப் பதிலை எங்களால் ஏற்க முடியவில்லை.

வீக்கம் இருந்தது நாண்களின் முன்பக்க மூன்றிலொரு பங்கு முடிகிற இடத்தில். பாடும்போது நாண்கள் மிகக் கடுமையாக மோதிக்கொள்வது அங்கேதான். 5 கட்டைச் சுருதியில் பாடும் ஒரு பெண்ணின் மத்திய ஸ்தாயி சட்ஜத்தில் அவை விநாடிக்கு ஏறத்தாழ 196 தடவை மோதுகின்றன. மேல் சட்ஜத்தில் 392 தடவை. தொடக்கத்தில் அந்த வீக்கம் மென்மையானது. பாட்டைக் குறைத்து, குரல் சிகிச்சைப் பயிற்சியை ஒழுங்காகச் செய்தால் பெரும்பாலும் வற்றிவிடும். வற்றவிடாமல் இரவுக்கு இரவு உச்ச ஸ்தாயியில் பாடினால் தடித்து இறுகும். இறுகியது எளிதில் கரையாது. பரிசோதனை மேசையிலேயே யாராவது ஒருவர் சொல்லியிருந்தால், அந்த ஆசிரியை பாட்டில் பாதியை மாணவிகளிடம் கொடுத்திருப்பார்.

எனவே எங்கள் கோரிக்கை ஒன்றே: பரிசோதனையில் கண்டதை, கண்ட அன்றே, பாடியவரிடம் சொல்லுங்கள்.

வாயால் சொன்னால் போதாது. தமிழில் ஒரு பக்கத் தாள் வேண்டும். எந்தக் கருவியால் பார்த்தீர்கள், எந்த நாணில் என்ன தெரிந்தது, இப்போது பாடலாமா கூடாதா, எந்த வைத்தியசாலையின் காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குப் போகவேண்டும் என்பவை அதில் இருக்கவேண்டும். கிளினிக்குக்கான கடிதமும் கூடவே வேண்டும். பரிசோதிப்பவர் மாணவ ஆய்வாளர், நோயைத் தீர்மானிக்கும் தகுதி அவருக்கு இல்லை என்கிறீர்கள். நியாயம். அப்படியானால் காணொளியை அன்றே ஒரு வைத்திய நிபுணர் பார்ப்பதற்கு ஆய்வுத் திட்டத்திலேயே வழிசெய்யுங்கள். நாணில் இரத்தக் கசிவு தெரிந்தால் அந்த ஒரு நாள்கூடப் பொறுக்கக்கூடாது. கசிவோடு பாடினால் தழும்பு விழக்கூடும். தழும்பு விழுந்த நாண் பழையபடி அதிராது.

மனிதரைக் கொண்டு நடத்தும் மருத்துவ ஆய்வுகளுக்கு நெறி வகுத்து 1964 இல் வந்த ஹெல்சிங்கிப் பிரகடனம் உங்கள் குழுக்களுக்குப் புதிதல்ல. பங்குபற்றுநர் எந்த நேரத்திலும் பாதிப்பில்லாமல் விலகலாம் என்பதும், ஆய்வின் பொதுவான முடிவுகளை அறியும் வாய்ப்பு அவருக்குத் தரப்படவேண்டும் என்பதும் இன்று அதில் உண்டு. பொதுவான முடிவையே சொல்லவேண்டும் என்றால், அவருடைய சொந்தத் தொண்டையில் கண்டதை மறைப்பது எப்படிச் சரியாகும்? சம்மதப் படிவத்தில் இதற்கென ஒரு வரி இருக்கவேண்டும். படிவத்தின் பிரதியும் கையொப்பமிட்டவர் கையில் இருக்கவேண்டும்.

பரிசோதனை நாளைப் பற்றியும் சொல்லவேண்டியிருக்கிறது. மூக்கு வழியாகக் குழாய் விடுமுன் லிக்னொகெயின் தெளிக்கிறீர்கள். தொண்டை மரத்துவிடும், அடுத்த ஒரு மணித்தியாலத்துக்குச் சாப்பாடோ தேநீரோ கூடாது, புரையேறும். மரத்த தொண்டையோடு பாடுபவருக்குத் தான் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியாது. அன்று மாலை கச்சேரியோ பூசையோ இருப்பவரை அழைக்காதீர்கள். ஆடிவேல், நவராத்திரி, கந்தசஷ்டி, திருவெம்பாவைக் காலங்களைத் தவிர்த்து நாள் குறியுங்கள். வாய்வழி விறைத்த குழாயென்றால் நாக்கை வெளியே இழுத்துப் பிடித்து "ஈ" என்று மட்டும் ஒலிக்க முடியும். அதை வைத்துப் பாடும் முறையைப் பற்றி எழுதாதீர்கள். பாட்டைப் பார்க்கவேண்டுமென்றால் மூக்கு வழிக் குழாய்தான் வேண்டும்.

ஒலிப்பதிவிலும் இதே அலட்சியம். சுருதிப்பெட்டியை அறையில் ஒலிக்கவிட்டுப் பதிவு செய்தால் அதன் ஒலி மைக்கில் கலந்து, மென்பொருள் கணக்கிடும் சுருதியையும் அதிர்வின் ஒழுங்கையும் குழப்பிவிடும். ஒரு காதில் மட்டும் இயர்போன் கொடுங்கள், பிரச்சினை தீர்ந்தது. அதிர்வு வேகத்தின் சிறு தடுமாற்றத்தைக் காட்டும் ஜிட்டர், ஒலி வலிமையின் சிறு தடுமாற்றத்தைக் காட்டும் ஷிம்மர் ஆகிய அளவைகள் அசைவில்லாமல் நீட்டிய அகாரத்துக்கு உரியவை. கமகத்தோடு, அதாவது ஸ்வரங்களை அசைத்து, பாடிய தோடி ராகத்தில் அவற்றை எடுத்தால் நல்ல குரலும் நோயுள்ள குரலாகவே தெரியும். பாடகரின் சொந்தக் கட்டையில் ஒரு நீட்டல், கமகத்தோடு தனியாக ஒரு பதிவு என்று எடுங்கள். காலி வீதிப் பக்க யன்னலை மூடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், மைக்கை வாயிலிருந்து எல்லோருக்கும் ஒரே தூரத்தில் வையுங்கள். 44,100 ஹேர்ட்ஸ், 16 பிட், வேவ் கோப்பு. வட்ஸ்அப்பில் குரல் அனுப்பச் சொல்லாதீர்கள். அது ஒலியைச் சுருக்கும்போது நீங்கள் அளக்க வந்த நுணுக்கமே போய்விடும்.

பெயரை நீக்கிவிட்டோம் என்கிறீர்கள். கொழும்பில் கோயில் கோயிலாகப் பாடும் ஒருவரின் பத்து விநாடிப் பதிவைக் கேட்டாலே அவர் யாரென்று இங்கே சொல்லிவிடுவார்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாட்டில் இருக்கிறது. பதிவு எங்கே, எவ்வளவு காலம் இருக்கும், யார் கேட்பார்கள் என்பதைக் கையொப்பத்துக்கு முன்னரே சொல்லுங்கள்.

எங்கள் கோபம் ஓர் ஆய்வோடு முடிவதில்லை. பாடுபவரின் குரல் அவருடைய சோறு. காலை பாடசாலையில் பிள்ளைகளின் இரைச்சலுக்கு மேலாகக் கத்தி, மாலையில் வீடு வீடாகப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து, இரவில் கோயிலில் பாடும் பெண்கள் இந்த நகரில் ஏராளம். தொண்டை கட்டினால் சுக்கும் மிளகும் குடித்துச் சமாளிக்கிறார்கள். ஒரு நாள் வகுப்பு நின்றால் அன்றைய வருமானம் நின்றது. அப்படிப்பட்டவர்கள் அரை நாளை ஒதுக்கி, பஸ் ஏறி வந்து, 36 கேள்விகளுக்குப் பதில் எழுதி, மூக்கில் குழாயையும் ஏற்கிறார்கள். உங்கள் ஆய்வுக் கட்டுரை வெளியாகிறது, பட்டம் கிடைக்கிறது. அவர்களுக்கு ஒரு தாள்கூட வருவதில்லை.

ஆய்வு வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் பாட்டுமுறையையும் எங்கள் குரல்களையும் பற்றிய ஆய்வு மிக அவசியம், மாணவர்களையும் அனுப்பவே விரும்புகிறோம். அதற்காகவே பணிவோடு மீண்டும் கேட்கிறோம்: கண்டதை, கண்ட அன்றே, எழுத்தில் சொல்லுங்கள். மீளாய்வுக் குழுக்கள் இதை அனுமதியின் நிபந்தனையாக்கவேண்டும். ஏற்கெனவே பரிசோதிக்கப்பட்டவர்களின் காணொளிகளையும் ஒரு நிபுணரிடம் காட்டி, வீக்கமோ கசிவோ தெரிந்தவர்களுக்கு இந்த மாதத்துக்குள் அறிவியுங்கள். அவர்களில் சிலர் கந்தசஷ்டிக்குப் பாடப்போகிறார்கள்.

இப்படிக்கு,
கொழும்பைச் சேர்ந்த தமிழ் இசை ஆசிரியர்களும் பாடகர்களும்