மைக் வெப்ஸ்டரின் நெற்றி: லைன் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஃபுட்பால் அணிகளின் லைன் பயிற்சியாளர்களுக்கு,

வணக்கம். தலைமைப் பயிற்சியாளரையும் பள்ளி நிர்வாகத்தையும் விட்டுவிட்டு, எதிரணியோடு நேருக்கு நேர் முட்டும் முன்வரிசையான லைனைப் பழக்கும் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. செவ்வாய்க்கிழமை மாலை பையன்கள் எத்தனை தடவை முட்டிக்கொள்வார்கள் என்பது உங்கள் விசிலில்தான் இருக்கிறது.

மைக் வெப்ஸ்டரை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. விஸ்கான்சின் மாநிலத்து உருளைக்கிழங்குப் பண்ணையில் வளர்ந்தவர். 1974இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி, வீரர் தேர்வின் ஐந்தாம் சுற்றில்தான் அவரை எடுத்தது. ஆறடி ஒரு அங்குலம், 255 பவுண்டு. லைனின் நடுவில் நின்று பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டர் இடத்துக்கு அது பெரிய உடம்பு இல்லை. எதிராளி பிடிக்கத் துணி கிடைக்கக் கூடாதென்று சட்டைக் கையைத் தோள்வரை ஏற்றி டேப் ஒட்டிக்கொள்வார். ஸ்டீலர்ஸில் 15 பருவம், கான்சஸ் சிட்டியில் 2, நான்கு சூப்பர் பவுல் (இறுதிப் போட்டி) வெற்றிகள், 1997இல் ஹால் ஆஃப் ஃபேம். 2002 செப்டம்பர் 24 அன்று மாரடைப்பில் இறந்தபோது வயது 50. கடைசி ஆண்டுகளில் நினைவு தப்பி, சில இரவுகள் தன் டிரக்கிலேயே தூங்கியவர் அவர்.

பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் பென்னட் ஒமாலு, வெளிப்பார்வைக்கு இயல்பாக இருந்த மூளையை அப்படியே விட்டுவிடாமல் மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் வைத்தார். டாவ் என்ற புரதம் ஆங்காங்கே திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. சி.டி.இ. என்று இன்று எல்லோரும் சொல்லும், தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் மூளை நோய், தொழில்முறை ஃபுட்பால் வீரர் ஒருவரிடம் கண்டறியப்பட்டது அதுவே முதல் முறை. 2005இல் ஒமாலு கட்டுரை வெளியிட்டார். தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். அமைத்த குழுவின் மருத்துவர்கள் அதைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். அந்தக் கதை ஊரறிந்தது. நாங்கள் பேச வந்தது அவருடைய நெற்றியைப் பற்றி. பல ஆண்டு ஹெல்மெட் உராய்வில் அங்கே தோல் தடித்துத் தழும்பேறிப் போயிருந்தது.

அது ஏன் சென்டருக்கு நேர்கிறது? பந்தின் நீளம் 11 அங்குலம். இரண்டு அணிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியும் அவ்வளவே. சென்டரின் ஒரு கை பந்தோடு கால்களுக்கிடையே பின்னால் போகிறது. அந்த அரை நொடிக்கு அவனிடம் இருப்பது ஒற்றைக் கை. எதிரணி முன்வரிசையின் நடுவில் நிற்கும் நோஸ் டேக்கிள் இரண்டு கையோடும் பாய்கிறான். கை வந்து சேரும் முன் தலை போய் நிற்கிறது. வெப்ஸ்டர் ஆடத் தொடங்கிய காலத்தில் தடுப்பவர்கள் கையை நீட்டவே விதி இடம் தரவில்லை. முஷ்டியை மார்போடு ஒட்டி வைத்துக்கொண்டுதான் தடுக்க வேண்டும். கையை நீட்டலாம், உள்ளங்கையை விரிக்கலாம் என்று லீக் அனுமதித்தது 1978இல். அதன் பிறகும் பழைய பழக்கம் பயிற்சியாளர் வழியாகவே அடுத்த தலைமுறைக்கு இறங்கியது. “முகத்தை அவன் மார்பில் வை” என்று இன்றும் கத்துகிறவர்கள் உங்களில் இருக்கிறார்கள்.

மயங்கி விழுகிற பெரிய அடியை எல்லோரும் பார்க்கிறோம். 2023இல் 631 பேரின் தானமளிக்கப்பட்ட மூளைகளை வைத்து வந்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது: கண்டறியப்பட்ட கன்கஷன்களின் (மூளை அதிர்ச்சிகளின்) எண்ணிக்கை நோயின் கடுமையோடு ஒத்துப்போகவில்லை, ஆண்டுக்கணக்கில் தலையில் விழுந்த சிறு பெரு அடிகளின் மொத்த விசைதான் ஒத்துப்போனது. லைன்மேன் கணக்கு அதுதான். அவன் விழமாட்டான், தலைவலி என்றும் சொல்லமாட்டான். எழுந்து அடுத்த ஸ்னாப்புக்கு, அதாவது சென்டர் பந்தைக் கொடுத்துத் தொடங்கும் அடுத்த ஆட்டத்துக்கு, போவான்.

டெக்சஸில் 2013 முதல் பருவ காலத்தில் முழு மோதல் பயிற்சி வாரம் 90 நிமிடத்துக்கு மேல் கூடாது. கலிஃபோர்னியாவில் அதிகபட்சம் வாரம் இரண்டு நாள், நாளுக்கு 90 நிமிடம். நல்லதுதான், ஆனால் நிமிடத்தை எண்ணினால் போதாது. அதே 90 நிமிடத்தில் ஒரு பையனுக்கு 10 முட்டலும் வரலாம், 80உம் வரலாம். உதவியாளர் கையில் ஒரு தாளைக் கொடுத்து, ஒவ்வொரு லைன்மேனுக்கும் கோடு போட்டு எண்ணச் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் யார் தலை அதிகம் வாங்குகிறது என்று தெரிந்துவிடும். மாற்று ஆள் இல்லாத சென்டராகத்தான் பெரும்பாலும் இருப்பான்.

இன்னொரு ஓட்டை, ‘தட்’ வேகப் பயிற்சி. இடுப்புக்கு மேலே மோதலாம், தரையில் வீழ்த்தக் கூடாது என்பது அதன் விதி. பந்தோடு ஓடுகிறவனை அது காப்பாற்றும். லைன்மேனுக்கு மோதல் முதல் அடியிலேயே முடிந்துவிடுகிறது. அவனுக்கு ‘தட்’டும் நிஜ ஆட்டமும் ஒன்றுதான். ஆகவே அந்த நேரத்தில் அவனைக் கையை மண்ணில் ஊன்றவிடாமல், முழங்கால் மடக்கி நின்ற நிலையில் தொடங்கவையுங்கள். எதிராளி ஒரு கை நீளத் தொலைவில், கையில் ஷீல்டோடு (மெத்தைக் கேடயத்தோடு) நிற்கட்டும். இரண்டு நொடியில் விசில்.

பேட் (மெத்தை) பொருத்திய, தள்ளிப் பழகும் சட்டமான ஸ்லெட்டில் கட்டைவிரல் மேல்நோக்கி, முழங்கை விலாவோடு ஒட்டி, உள்ளங்கையின் அடிப்பாகம் முதலில் பட வேண்டும். ஹெல்மெட்டின் நெற்றியில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துவிட்டு ஐந்து முறை தள்ளச் சொல்லுங்கள். பேடில் வெள்ளை படிந்தால் தலைதான் முந்தியது. பையன் எதிர்த்துப் பேச இடமில்லை. தலை முந்துவதற்குப் பெரும்பாலும் காரணம் கையல்ல, இடுப்பு: பின்பக்கம் உயர்ந்து, எடை முழுவதும் ஊன்றிய கையில் சாய்ந்திருக்கும். ஊன்றிய கையைச் சட்டென்று எடுக்கச் சொல்லிப் பாருங்கள். முன்னே சரிந்தால் நிலை தவறு.

ஹெல்மெட் மண்டையோடு உடையாமல் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை நிறுத்தாது. இருந்தாலும் அளவு சரியாக இருக்கட்டும். முன்விளிம்பு புருவத்துக்கு மேல் ஓர் அங்குலம். ஃபேஸ்மாஸ்க்கைப் பிடித்து இடவலமாக அசைத்தால் நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும். ஹெல்மெட் தனியாக வழுக்கினால் தளர்ச்சி. ஆகஸ்ட் வெயிலில் ஹெல்மெட்டுக்குள் நிரப்பிய காற்றுப்பை அக்டோபர் குளிரில் சுருங்கும். முடி வெட்டி வந்த அன்றும் மறுபடி பாருங்கள்.

அடுத்த செவ்வாய் பயிற்சி முடிந்ததும் ஹெல்மெட்டுகளை வரிசையாக பெஞ்சில் வைக்கச் சொல்லுங்கள். நெற்றிப் பகுதியில் கீறலும் மற்றவன் ஹெல்மெட்டின் பெயின்ட்டும் அப்பியிருப்பது எது என்று பாருங்கள். அதைப் போட்டிருந்தவனுக்குப் புதன்கிழமை மோதல் பயிற்சி வேண்டாம்.